625513: மடல்களைப் பிரித்த கதை

1972ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் லாரி ராபர்ட்ஸ் 'ஆர்டி' என்ற சிறு கணினி நிரலை எழுதினார். அதற்கு முன் வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிடக்கும். ஆர்டி அவற்றைப் பட்டியலிட்டது. வேண்டியதை மட்டும் படிக்கவும் தனியே எடுத்து வைக்கவும் வழி செய்தது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15 அன்று, இந்தியாவில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் குவியும் மடல்களை எப்படிப் பிரிப்பது என்பதே இரண்டுக்கும் கேள்வி.

பின்கோடை வகுத்தவர் மத்திய அரசு அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. பல மொழிகள், பல எழுத்துகள், ஒரே பெயரில் பல ஊர்கள் என்று அஞ்சல் துறை திணறிக்கொண்டிருந்த காலம் அது. புதுப்பட்டி என்று மட்டும் எழுதிப் போட்டால் எந்தப் புதுப்பட்டிக்கு அனுப்புவது?

போடிநாயக்கனூரின் எண் 625513. முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். 62 என்றதும் தமிழ்நாடு என்று தெரிந்துவிடும். 625 மதுரை வட்டாரம், 513 போடி. 1996இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 625 மட்டும் பிரியவில்லை! போடியிலிருந்து மலையேறி போடிமெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். வண்டன்மேட்டின் எண் 685551. தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப்பில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. கடிதத்துக்கோ அது வேறு அஞ்சல் வட்டம். முகவரியைத் தமிழில் எழுதியிருந்தாலும், தமிழ் தெரியாத ஊழியர் எண்ணைப் பார்த்தே சரியான பையில் போட்டுவிடலாம்.

இதில் பாதி வேலை அனுப்புகிறவருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணை எழுதுவதும் அவர்தான், தபால்தலைக்குக் காசு கொடுப்பதும் அவர்தான்.

மின்னஞ்சலில் இது தலைகீழானது. 1971இல் ரே டாம்லின்சன் பெயருக்கும் கணினிக்கும் நடுவே @ குறியைப் போட்டார். முகவரி சரியாக இருந்தால் மடல் வாசலுக்கு வந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான். 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். நானூறு தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தால் யோசித்திருப்பார். பிரிக்கும் சுமை முழுவதும் பெறுகிறவர் தலையில் விழுந்தது. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15இல். குப்பை மடல்களும் கூடவே வந்து சேர்ந்தன.

'இந்தச் சொல் இருந்தால் தள்ளு' என்ற விதிகள் ஏலக்காய்ச் சல்லடை மாதிரி. பருமனைப் பிரிக்கும், நிறம் பார்த்துப் பொறுக்கக் கண் வேண்டும். 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை அந்தக் கண்ணைக் கணினிக்குக் கொடுக்கும் வழியைப் பிரபலமாக்கியது. பயனர் குப்பை என்று ஒதுக்கிய மடல்களிலும் நல்ல மடல்களிலும் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிய மடல் எந்தப் பக்கம் சேரும் என்று கணிக்கும் முறை அது.

2004 ஏப்ரல் 1இல் வந்த ஜிமெயில் கோப்புறைக்குப் பதில் 'லேபிள்' தந்தது. தபால்காரர் ஒரு கடிதத்தை ஒரு பையில்தான் போட முடியும். போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் அதே மடலுக்கு 'வண்டன்மேடு', 'பாக்கி', 'அவசரம்' என்று மூன்று லேபிள் ஒட்டலாம்.