தேற்றாங்கொட்டையும் குளோரினும்

தைப்பூசத்திற்கு முதல்நாள் வெள்ளி இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகச் செல்கிறதே, அந்த மலைக்குப் பினாங்குத் தமிழர் இட்ட பெயர் தண்ணீர்மலை. அம்மலையருவியின் நீர்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் மக்களுக்குக் குடிநீராக வந்தது. அன்று அதில் மருந்தெதுவும் கலக்கவில்லை. இன்றோ குழாய் நீரிலும் நீச்சற்குளத்திலும் குளோரின் உண்டு. அந்த நெடியை வெறுப்போர், "நம் முன்னோரின் தேற்றாங்கொட்டை போதாதா?" என்கின்றனர். தமிழாசிரியர் சிலரும் வகுப்பில் அவ்வாறே சொல்லிவிடுகின்றனர். கேட்பவர் சிறுவர், நாளை அந்நீரைக் குடிப்பவரும் அவரே. ஆதலின் இதனைச் சற்றே ஆராய்வோம்.

தேற்றாங்கொட்டையின் பழமையில் ஐயமில்லை. கலங்கிய நீரை அவ்விதையால் தெளிவித்ததைக் கலித்தொகை உவமையாக ஆளுகிறது. அம்மரத்திற்கு அங்கே 'இல்லம்' என்று பெயர். வடமொழியார் அதனைக் கதகம் என்பர். சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலும் அதனை அறியும். முறை எளியது. மட்பானையின் உட்புறத்தில் கொட்டையை இழைத்து நீரை ஊற்றி வைத்தால், சேறு திரண்டு அடியிற் படியும். கொட்டையிலுள்ள பசைப்பொருள் நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்கிவிடுகிறது. முருங்கை விதைக்கும் இக்குணம் உண்டு. நீர் நிலையங்களில் படிக்காரம் செய்யும் வேலையும் இதுவே.

ஆயினும், தெளிவு வேறு, தூய்மை வேறு. சேற்றோடு கிருமிகளுள் பல அடியில் இறங்கும், எஞ்சியவை சாவதில்லை. பளிங்கு போன்ற நீரிலும் வாந்திபேதிக் கிருமி உயிரோடிருக்கும்.

முன்னோரும் கொட்டையொன்றையே நம்பியிருக்கவில்லை. குடிநீருக்கு ஊருணி, குளிப்பதற்கு வேறு குளம் என்று பிரித்து வைத்தனர். சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. கொட்டையைவிட இக்கட்டுப்பாடே பெரிய மருந்து என்பது என் கருத்து.

கிருமியைக் கொல்லும் முயற்சி பிற்காலத்தது. 1890களில் ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராயிருந்த ஹாங்கின் என்பார், காலராவைத் தடுக்கக் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு இடச் செய்தார். நீர் இளஞ்சிவப்பாகும், நிறம் மறைந்தால் மருந்து தீர்ந்தது என்று பொருள். பிரான்சில் நீஸ் நகரம் 1906இல் ஓசோனையும், மார்செய் நகரம் 1910இல் புற ஊதா ஒளியையும் குடிநீருக்குக் கையாண்டன. இடையே 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குளோரினை இடையறாது கலக்கத் தொடங்கியது. அதன் பிறகே நீச்சற்குளங்களும் அவ்வழி சென்றன. அதற்கு முன் இங்கிலாந்தின் பொதுக் குளிப்பகங்களில், நீர் மாற்றிய நாளில் கட்டணம் அதிகம். நீர் அழுக்கேற ஏறக் கட்டணம் குறையும்! ஏழைக்கு எந்நாள் வாய்த்தது என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஓசோனும் புற ஊதா ஒளியும் குளோரினைவிட விரைவாகவே கிருமியைக் கொல்வன. பின் ஏன் குளோரின் விலகவில்லை? அவை கருவியினூடே செல்லும் நீரைத் தூய்மையாக்கும். குளத்திற்குத் திரும்பிய நீரில் காவல் நிற்பதில்லை. குளத்திலோ நொடிதோறும் ஒருவர் இறங்கி அழுக்கைச் சேர்க்கிறார். நீரிலேயே தங்கி நின்று கொல்லும் பொருள் ஒன்று வேண்டும். செம்பும் வெள்ளியும் தங்குவனவே. ஆனால் மெல்ல வேலை செய்வன. செம்புக் குடத்தில் இரவெல்லாம் வைத்த நீரில் கிருமி குறைவது உண்மை. குளத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தாவ அத்தனை நேரம் வேண்டுமா? புரோமின் தங்கி நின்று கொல்லும். ஆயினும் வெயிலில் நிலைப்பதில்லை, விலையும் மிகுதி.

'உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லை' என்பதும் பிழை. அங்கே மின்சாரம் உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்குகிறது. மூக்கைத் துளைக்கும் நெடியும் பெரும்பாலும் தனிக் குளோரினுடையது அன்று. வியர்வையோடும் சிறுநீரோடும் அது கூடிப் பிறக்கும் குளோரமின்களுடையது. இறங்குமுன் சோப்பிட்டுக் குளித்தால் நெடி குறையும்.

மருந்தே இல்லாத குளங்களும் உண்டு. 1980களில் ஆஸ்திரியாவில் தோன்றிய இவற்றில், ஒரு பகுதியில் நாணலும் நீர்ச்செடிகளும் வளர்த்து, அவற்றின் வேரடியிலுள்ள சரளையின் வழியே நீரைச் சுற்றிவரச் செய்கின்றனர். நம் ஆம்பற்குளத்தின் உறவு என்றே சொல்லலாம். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.