விழுகிறவனின் முன்னும் பின்னும்

சாகசம் செய்யப்போய்த் தவறி விழுகிறவர்களின் வீடியோத் தொகுப்புகளை நானும் பார்க்கிறவன்தான். மோட்டார்சைக்கிள், பனிச்சறுக்கு, பாராசூட் என்று பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் விழுகிறார்கள். சிரித்திருக்கிறேன். இந்தச் சிரிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

1912 பிப்ரவரி 4. பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர், தாமே தைத்த பாராசூட் அங்கியோடு ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் நிற்கிறார். உயரம் 57 மீட்டர். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லித்தான் போலீஸ் அனுமதி வாங்கியிருந்தார். செய்திப்படக் காமிராக்கள் மேலும் கீழும் காத்திருந்தன. விளிம்பில் கால் வைத்தவர் உடனே குதிக்கவில்லை. குனிகிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார். பிறகு குதிக்கிறார். அங்கி விரியவில்லை, இறந்துபோனார். கடைசியில், விழுந்த இடத்துப் பள்ளத்தை அளக்கிறார்கள். குரூரமான படம்தான். ஆனால் அந்தத் தயக்கத்தை அது வெட்டி எறியவில்லை. அந்தச் சில விநாடிகளில் அவர் நம்மில் ஒருவர்.

1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸில், சீசர்ஸ் பாலஸ் நீரூற்றுகளை ஈவல் நீவல் மோட்டார்சைக்கிளில் தாண்டினார். இறங்கும்போது தூக்கியெறியப்பட்டு இடுப்பும் தொடையும் நொறுங்கின. நேரடி ஒளிபரப்புக்கு இசையாத ஏபிசி டெலிவிஷன், அவரே ஏற்பாடு செய்து எடுத்த படத்தைப் பிறகு விலைக்கு வாங்கியது. தாண்டுவதைவிட விழுவதற்கே மதிப்பு என்பது அன்று ருசுவாயிற்று.

அடுத்த வெட்டுதான் முக்கியமானது. 1970 மார்ச், மேற்கு ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃப். யூகோஸ்லாவியாவின் வின்கோ போகதாய் பனிச்சறுக்கு மேடையிலிருந்து பாய வருகிறார். பெய்துகொண்டிருந்த பனியில் சறுக்குதளம் அபாயகரமான வேகம் கொண்டுவிட்டது. அதை உணர்ந்து பாதியிலேயே நின்றுவிட முயல்கிறார். சமநிலை குலைந்து, உருண்டு, பார்வையாளர் பக்கமாகப் போய் விழுகிறார். ஏபிசி தன் விளையாட்டு நிகழ்ச்சியின் முகப்பில் இந்த விழுதலைத் தோல்வியின் வேதனைக்குச் சின்னமாக்கி, வாரந்தோறும், வருஷக்கணக்கில் காட்டியது.

அவருக்கு நேர்ந்ததோ தலையில் லேசான அதிர்ச்சி மட்டும். மீண்டும் பாய்ந்தார். பின்னாளில் பயிற்சியாளரானார், 1991இல் உலக சாம்பியனான ஃபிரான்சி பெடெக் அவரிடம் பயின்றவர். 1981இல் அந்த நிகழ்ச்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டு அமெரிக்கா போனபோது, முகமது அலி அவரிடம் கையெழுத்துக் கேட்டார். அந்த ஊரில் தாம் இவ்வளவு பிரசித்தம் என்பது அவருக்கே ஆச்சரியம்.

துணிச்சலால் அல்ல, நிதானித்ததால் விழுந்தவர் அவர். அந்த நிதானமும், எழுந்து நடந்ததும் கத்தரிக்கு வெளியே போய்விட்டன. இன்றைய தொகுப்புகளில் பெயரும் போய்விட்டது. முன்னும் பின்னும் இல்லாத உடம்பு விழும்போது சிரிப்பது சுலபம். நாமும் கவிதையில் இதைச் செய்யாமல் இல்லை: ஒருவனுடைய வீழ்ச்சியை மட்டும் நறுக்கியெடுத்துப் படிமம் என்கிறோம்.

இப்போதும் அவற்றைப் பார்க்கிறேன். ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தில், எழுந்தானா என்று தேடுகிறேன். அதற்குள் அடுத்தவன் விழுந்துவிடுகிறான்.