தொப்புளைச் சுற்றி 14 ஊசி

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் நாய்க்கடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்” என்று உடனே பதில் வரும். இன்று அந்த ஊசி வழக்கில் இல்லை. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆனால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நம் நாட்டில் நாய் கடித்தவர்களுக்கும் சாவுக்கும் இடையே நின்றது அந்த ஊசிதான். அது எப்படித் தோன்றியது, ஏன் வயிற்றில் போட்டார்கள், ஏன் கைவிடப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றால், முடிவில் நம் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயிடமே வந்து சேருவோம்.

நரம்பு வழியே ஒரு பயணம்

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். வெறிநாய்க்கடி நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் அது இருக்கிறது. கடித்த காயத்தின் வழியாக உடலுக்குள் புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல நகர்கிறது. மூளையை அடைந்த பிறகு அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வருகிறது. அடுத்த கடிக்கு அப்போது நாய் தயாராகிவிடுகிறது.

இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்திருந்தால் மூளைக்கு உள்ள தூரம் குறைவு. நோயும் விரைவில் வரலாம். நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் நிலைமை கைமீறிவிடும். தண்ணீர் குடிக்க முயன்றாலே தொண்டைத் தசைகள் வலியுடன் இழுத்துக்கொள்ளும்; பிறகு தண்ணீரைக் கண்டாலே நோயாளி நடுங்குவார். அந்த நிலையை அடைந்தவர்கள் பிழைப்பது மிக மிக அரிது.

ஆனால் வைரஸின் இந்த மெதுவான நடையே மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. மற்ற பல நோய்களுக்கு நோய்க்கிருமி தாக்குவதற்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும். இந்த நோய்க்கோ கடித்த பிறகும் போடலாம். வைரஸ் மூளையை அடைவதற்கு முன் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட்டால் போதும். இதைச் செய்து காட்டியவர் லூயி பாஸ்டர்.

பாரிசில் நடந்த சோதனை

அந்நாளில் வெறிநாய்க்கடிக்குத் தெரிந்த மருத்துவம் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவதுதான். பாஸ்டர் சிறுவனாக இருந்தபோது, 1831-இல், அவருடைய ஊரான ஆர்ப்வாவின் பக்கம் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கடிபட்டவர்களுக்குக் கொல்லன் பட்டறையில் சூடு போட்டார்கள்.

நோய் உமிழ்நீரில் இருக்கிறது என்பதை 1804-லேயே ஜெர்மானியரான ட்ஸிங்கே சோதனை மூலம் காட்டியிருந்தார். 1879-இல் லியோன் நகரக் கால்நடை மருத்துவர் கால்ட்டியே, முயல்களுக்கும் இந்நோயைத் தொற்றவைக்கலாம் என்று கண்டார். இது ஆராய்ச்சியை எளிதாக்கியது.

பாஸ்டரும் அவருடைய துணைவர் எமில் ரூவும் நோயை முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். நோய் கண்டு இறந்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டாஷ் வைத்த கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கவிட்டார்கள். நாளாக ஆகத் தண்டுவடம் உலர்ந்தது. அதிலிருந்த நோயின் வீரியமும் குறைந்தது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அது நோய் உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. நன்கு உலர்ந்ததில் தொடங்கி, நாள்தோறும் சற்றே புதியதைக் கொடுத்துக்கொண்டு போனால் உடல் பழகிக்கொள்ளும் என்பது பாஸ்டரின் கருத்து. அவர் இதை முதலில் சோதித்தது நாய்களிடம். மனிதனைக் காத்த முறை நாயைக் காத்துப் பார்த்த பிறகே வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1885 ஜூலை 6. அல்சேஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் தாய் பாஸ்டரிடம் அழைத்து வந்தாள். இரண்டு நாட்களுக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசியைப் போட்டார். ஏறத்தாழ 10 நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். பின்னாளில் அவன் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளியாகப் பணிபுரிந்தான். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து, ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்கு வந்தனர். அவர்களில் 16 பேர் பிழைத்தனர்.

இவ்வளவையும் பாஸ்டர் செய்தது, நோய்க்கிருமியைக் கண்ணால் காணாமலே! சாதாரண நுண்ணோக்கியில் அந்த வைரஸ் தெரியாது. துப்பாக்கிக் குண்டு போன்ற அதன் வடிவம், எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே தெரியவந்தது.

கசௌலியும் குன்னூரும்

பாஸ்டர் முறையில் ஒரு குறை இருந்தது. நாள்தோறும் புதிய தண்டுவடம் வேண்டும். எனவே நோயாளிதான் நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தென்னாட்டில் நாய் கடித்தால் அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! வைரஸும் பயணம் செய்கிறது, நோயாளியும் பயணம் செய்கிறார். யார் முந்துவது என்பதே கேள்வி. இந்தக் குறையைப் போக்க 1907-இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தோன்றியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி அதற்கு உதவியது.

கசௌலி நிலையத்தின் இயக்குநராக இருந்த டேவிட் செம்பிள் 1911-இல் அடுத்த படியைக் கண்டார். நோய் ஏற்றப்பட்ட விலங்கின் மூளையை அரைத்துக் கரைசலாக்கி, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைக் கொன்றார். இந்த மருந்தைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. இனி நோயாளி மலையேற வேண்டியதில்லை. மருந்தே அவரைத் தேடி வந்தது. நம் பெரியவர்கள் சொல்லும் 14 ஊசி இதுதான். ஒவ்வொரு முறையும் செலுத்த வேண்டிய மருந்தின் அளவு அதிகம்; பல நாட்கள் தொடர்ந்து போட வேண்டும். தோல் தளர்வாகவும் இடம் அகலமாகவும் இருப்பதால் வயிற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த ஊசி எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. மருந்தில் வைரஸோடு ஆட்டு மூளையின் பொருளும் கலந்திருந்தது. நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் உறை ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஒத்த தன்மை உடையது. ஆட்டின் மயலினை எதிர்க்கக் கிளம்பிய உடல், சிலரிடம் தன் சொந்த நரம்புகளையே தாக்கியது. அவர்களுக்கு வாதம் கண்டது. சிலர் இறந்தும் போயினர். வெறி இல்லாத நாய் கடித்தவருக்கும், அச்சத்தால் போட்ட ஊசியில் இந்த ஆபத்து இருந்தது.

ஆகவே மூளைப் பொருள் கலக்காத மருந்து தேவைப்பட்டது. சோதனைச்சாலையில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் வைரஸைப் பெருக்கித் தடுப்பூசி செய்யும் முறையை, அமெரிக்காவின் விஸ்டார் நிலையத்தில் கோப்ரோவ்ஸ்கி, விக்டர் முதலியோர் உருவாக்கினர். வெறிபிடித்த ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு ஈரானில் இது போடப்பட்டது. 45 பேரும் பிழைத்தார்கள். இந்த முடிவு 1976-இல் வெளியாயிற்று. இப்போது கையில் சில ஊசிகளோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. காயம் கடுமையாக இருந்தால் எதிர்ப்புப் பொருள் அடங்கிய சீரத்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை அது காவல் நிற்கிறது.

நாயை மறந்த நூற்றாண்டு

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும் நோயில் 100-க்கு 99 பங்கு நாயிடமிருந்தே வருகிறது. கடிபட்டவர்களின் பின்னாலேயே நாம் ஓடிக்கொண்டிருந்தால் இதற்கு முடிவே இல்லை. நோய் ஊறும் ஊற்றையே அடைக்க வேண்டாமா?

பிரிட்டன் இதற்கு ஒரு வழி கண்டது. நாய்களுக்கு வாய்ப்பூட்டுப் போடும்படி 1897-இல் கண்டிப்பான ஆணை பிறந்தது. நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் 1902-க்குள் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போரின் முடிவில், 1918-இல், மீண்டும் தலைகாட்டியது. 1922-இல் அதுவும் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடல் சூழ்ந்த தீவுக்கும், வீட்டு நாய்களே பெரும்பாலாக உள்ள நாட்டுக்கும் பொருந்திய வழி அது.

ஜப்பான் காட்டிய வழி எங்கும் பொருந்துவது. 1921-இல் உமெனோ, டோய் என்ற இருவர் நாய்களுக்கு ஒரே ஊசியில் பாதுகாப்பளிக்கும் முறையை அறிவித்தனர். 1950-இல் நாய்களைப் பதிவு செய்வதும் தடுப்பூசி போடுவதும் அங்கே சட்டமாயின. 1957-க்குப் பிறகு அந்நாட்டு விலங்குகளிடையே இந்நோய் பரவவில்லை. மெக்சிகோவும் ஆண்டுதோறும் நாய்களுக்குப் பெருவாரியாக ஊசி போட்டு, நாய் வழியே மனிதருக்கு வரும் வெறிநோயை ஒழித்துவிட்டதாக 2019-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றது.

தெருநாய்களைக் கொன்றுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பல ஊர்களில் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தார்கள். காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்தன. மிஞ்சியவை குட்டி போட்டன. வந்தவையும் பிறந்தவையும் தடுப்பூசி போடாதவை. ஒரு பகுதியின் நாய்களில் 100-க்கு 70-க்கேனும் தடுப்பூசி போட்டுவிட்டால், நோயுற்ற நாய் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை நோய் ஏற்காதவையாக இருக்கும். சங்கிலி அறுந்துவிடும். ஊசி போட்ட நாயைக் கொல்வது, கட்டிய வேலியை நாமே பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட வேண்டும் என்று நெடுநாள் வலியுறுத்தி வந்தது. 1996-இல் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு மாறியது. 2001-இல் இந்திய அரசின் விதிகளும் அதையே கூறின. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

நீங்கள் செய்யக்கூடியது

நாய் கடித்தால், பிறாண்டினால் உடனே காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சோப்பு வைரஸின் கொழுப்பு உறையைச் சிதைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும். கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்திருந்தால், அந்த நாட்களுக்குள் நாய் நோய்ப்பட்டு இறந்துவிடும். அது நலமாக இருந்தால் அச்சம் நீங்கும். ஆனால் அந்த முடிவு தெரியும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசியைப் போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போட்டு வாருங்கள். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தாலும் இதுவே முறை. இந்நோயால் இறப்பவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். நாயோடு விளையாடுகிறவர்களும் அவர்கள்தான். பாஸ்டர் பிறந்த நாளை விட்டு அவர் மறைந்த செப்டம்பர் 28-ஐயே 2007 முதல் உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அடுத்த முறை அந்த நாள் வரும்போது உங்கள் தெருவில் எத்தனை நாய்கள், அவற்றில் எத்தனைக்கு ஊசி போட்டாயிற்று என்று கணக்கெடுத்துப் பாருங்கள். 100-க்கு 70-க்குக் குறைந்தால், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் தெரிவியுங்கள்.