பந்தய வண்டியும் புரவலர் கையும்

மன்னாரையும் மதவாச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், வயலும் குளமும் சூழ அமைந்த ஊர் முருங்கன். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களே அதன் செல்வம். மன்னார்ப் பெருநிலப் பகுதியில் உழவர் பெருமக்கள் நடத்தும் மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டவர்களுக்குப் பந்தயம் என்பது யாதென்று பிறர் விளக்க வேண்டியதில்லை. சவாரி மாட்டுக்குத் தீனி தேர்ந்து ஊட்டுகின்றனர், நடை பயிற்றுகின்றனர், வண்டியின் அச்சையும் சில்லையும் பலமுறை சோதித்துப் பூட்டுகின்றனர். இவற்றுக்காகும் செலவோ வண்டிக்காரர் கையிலிருந்து போவது. வென்றால் பரிசு சிறிது, பேர் பெரிது. அடுத்த நாள் விடிந்ததும் அவர் மீண்டும் வயலுக்குச் செல்லும் உழவரே.

இவ்வாறு தன் பிழைப்பு வேறாக இருக்க, விருப்பம் ஒன்றினாலேயே களம் புகுபவரை விருப்பப் பந்தயக்காரர் எனலாம். ஆங்கிலேயர் அமெச்சூர் என்று வழங்குவது இவரையே. மாட்டுக்குப் பதிலாக இயந்திரத்தை வைத்துப் பார்த்தால், மோட்டார் சைக்கிளில் வீதிப் பந்தயம் ஓடும் இளைஞனும் இந்த இனத்தைச் சேர்ந்தவனே. ஆனால் இயந்திரம் புல்லைத் தின்று ஓடுவதன்று. பெற்றோல், எண்ணெய், ரயர், உதிரிப் பாகம் என்று அது கேட்பவை பல; எளிய குடும்பத்து இளைஞன் தன் கையிருப்பைக் கொண்டு ஈடுசெய்ய இயலாதவை. ஆகவே அவன் ஒரு புரவலரைத் தேடுகின்றான். இக்காலத்தில் அனுசரணையாளர் என்று சொல்லப்படுபவர் இவரே. பிறர் பணத்தில் ஓடுபவன் இன்னும் விருப்பப் பந்தயக்காரன்தானா என்னும் கேள்வி அப்பொழுது எழுகின்றது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி நிழல்போலத் தொடர்ந்து வந்திருக்கின்றது.

அவ்வரலாற்றின் பெயர் பெற்ற களமும் மன்னாரைப் போலவே ஒரு தீவாகும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் மான் தீவு என்றொரு தீவு உண்டு. 1903ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்வதைத் தடுத்தது. பந்தயத்துக்கென்று பொதுச் சாலையை மூடவும் அங்கே வழியில்லை. தனக்கெனச் சட்டமியற்றும் மன்றம் உடைய மான் தீவு, 1904ஆம் ஆண்டிலேயே அதற்கு இடங்கொடுத்தது. 1907 மே 28ஆம் நாள் அங்கே முதலாவது டூரிஸ்ட் டிராபி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் மாட்ச்லெஸ் வண்டியை ஓட்டிய சார்லி காலியர் வென்றார். இரட்டைச் சிலிண்டர் பிரிவில் பேஷோ இயந்திரம் பூட்டிய நார்ட்டன் வண்டியில் ரெம் பௌலர் வென்றார். காலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைலுக்குச் சற்று மேற்பட்டது. இன்று நகரத்துத் தெருவில் செல்லும் சாதாரண வண்டியின் வேகமே அது.

அந்தப் பந்தயத்தின் விதிகள் கவனிக்கத் தக்கவை. ஒரு கலன் பெற்றோலில் ஒற்றைச் சிலிண்டர் வண்டி 90 மைலும் இரட்டைச் சிலிண்டர் வண்டி 75 மைலும் ஓட வேண்டும் என்று வரையறுத்தனர். இருக்கை, சேறுகாப்புத் தகடு, ஒலியடக்கி ஆகியவை இருத்தல் வேண்டும் என்றனர். நாட்டு மக்கள் வாங்கி ஓட்டும் வண்டியே சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். ஆனால் வெற்றி விற்பனையைப் பெருக்கும் என்பதை வண்டி செய்வோர் விரைவில் கண்டுகொண்டனர். தொழிற்சாலைகளே வண்டியைத் தயார்செய்து, கூலி கொடுத்து ஓட்டுநரை அமர்த்தின. சொந்தக் காசில் வந்த இளைஞனுக்கு அங்கே வெற்றி எட்டாக் கனியாயிற்று.

இக்குறையை நீக்கும்பொருட்டு 1923ஆம் ஆண்டில் அதே தீவில், அதே மலைச் சாலையில், விருப்பப் பந்தயக்காரருக்கென்றே தனிப் பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. சன்பீம் வண்டியில் வந்த லென் ராண்டில்ஸ் 1923இலும் 1924இலும் வென்றார். வணிக நிறுவனங்களிடம் ஊக்கப் பணம் பெறுதல் ஆகாது என்பது இப்பந்தயத்தின் உயிர்நிலையான விதி. ஆயினும் விதியை எழுதுதல் எளிது, காத்தல் அரிது. மலிவு விலைக்குத் தரப்பட்ட வண்டி ஊக்கமா, வணிகமா? நண்பர் என்ற பெயரில் வந்து உதவும் தொழிற்சாலைப் பணியாளரை யாதென்று கொள்வது? இத்தகைய கேள்விகளுக்கு முடிவு காணுதல் கடினமாயிற்று. 1930ஆம் ஆண்டில் அமெச்சூர் என்னும் சொல்லையே விட்டுவிட்டு, மாங்ஸ் கிராண்ட் பிரீ என்று பந்தயத்துக்குப் பெயர் மாற்றினர். வளர்ந்துவரும் வீரர்க்குரிய களமாக அது பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது. பணப்பையை நோக்கி ஒருவரது விருப்பத்தை அளக்க முடியாது என்பதே அவ்வேழு ஆண்டுகள் கற்பித்த பாடம்.

அப்படியாயின் எதனைக்கொண்டு அளப்பது? நியூசிலாந்து நாட்டின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ என்பவரின் வாழ்க்கை இதற்கு விடை தருகின்றது. அவரிடம் இருந்தது 1920ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைக் கேட்டு நம்மவர் மயங்க வேண்டாம். அது அமெரிக்க நாட்டு நிறுவனம் ஒன்றின் வண்டி. புதிதாக வந்தபோது மணிக்கு 55 மைல் ஓடக்கூடியதாயிருந்த அவ்வண்டியை அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கொட்டிலிலேயே திருத்தி வந்தார். பழைய தகரப் பேணிகளை அச்சாகக் கொண்டு உலோகத்தை உருக்கி வார்த்துப் பிஸ்டன் செய்தார். இணைப்புத் தண்டுகளை டிராக்டர் அச்சு ஒன்றின் உருக்கிலிருந்து அரத்தால் அராவி எடுத்தார். 600 கன சென்ரிமீற்றராக இருந்த இயந்திரம் அவர் கையில் 950 ஆயிற்று. 1967ஆம் ஆண்டில், தமது அறுபத்தெட்டாம் வயதில், அமெரிக்காவின் பொன்வில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி, 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வண்டிகளுக்கான சாதனையை நிலைநாட்டினார். கொட்டிலில் கழிந்த நாற்பது ஆண்டுகளே அவர் விருப்பத்துக்கு அளவுகோல்.

பந்தயத்துக்கு வண்டியைத் தயார்செய்தல் என்பது வேகத்தைக் கூட்டும் மந்திரவித்தையன்று. அதன் முதற்படி கழித்தல். விளக்கு, கண்ணாடி, நிறுத்துக் கால், பின்னிருக்கை ஆகிய பாரங்களை நீக்குவர். இரண்டாம் படி காத்தல். அதிர்ச்சியினால் எண்ணெய்த் தொட்டியின் மூடாணி கழன்றால், கொட்டும் எண்ணெய் தன் பின்சில்லையும் சறுக்கும், பின்னால் வருபவனையும் வீழ்த்தும். ஆகவே அத்தகைய ஆணிகளைத் துளையிட்டு மெல்லிய கம்பியால் கட்டுவது உலகெங்கும் பந்தய மரபு. பிரேக்கும் சங்கிலியும் ரயரும் இதற்கடுத்தவை. மூன்றாம் படியே பெருக்கல். சிலிண்டர்த் தலையைச் சற்றே சீவினால் கலவை மேலும் நெருக்குண்டு விசையுடன் வெடிக்கும். அளவு மிஞ்சினாலோ இயந்திரம் தட்டொலி எழுப்பிப் பிஸ்டனையே துளைத்துவிடும். காபரேற்றரில் பெற்றோல் குறைந்தால் சூடு மிகும், கூடினால் விசை குன்றும். ஒரு சுற்று ஓடிவந்து பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பது அதனை அறியும் வழி. மங்கிய பழுப்பு நன்று, வெண்மை ஆபத்து, கருமை வீண்செலவு.

ஈரடி இயந்திரம் உடைய வண்டியிலோ புகைக்குழாயின் வடிவமே பாதி வெற்றி. குழாயில் விரைந்து செல்லும் அழுத்த அலையைத் தக்க நேரத்தில் திருப்பி அனுப்பினால், வெளியேற இருக்கும் புதுக் கலவையை அது சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் 1950களில் இந்நுட்பத்தை முதிரச் செய்தார். 1961ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று, ஜப்பானிய சுசுகி நிறுவனத்துடன் சேர்ந்தார். மறு ஆண்டே 50 கன சென்ரிமீற்றர் பிரிவின் உலகப் பட்டம் அவர்கள் கைக்குச் சென்றது.

இலங்கையிலும் இக்கலை புதிதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில், 1934ஆம் ஆண்டு தொடங்கி, மலையேற்றப் பந்தயம் நடந்து வந்திருக்கின்றது. வளைந்தேறும் குறுகிய பாதையில் ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடுவது அதன் முறை. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத்தளம், போருக்குப்பின் பந்தயத் திடலாகப் பயன்பட்டது. போர் விமானத்துக்கென இட்ட தளம் விளையாட்டுக்கு உதவியது காலத்தின் விந்தையன்றோ!

அதே விந்தை பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிகழ்ந்தது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய நாள்முதல், முருங்கன் நிலையத்தைக் கடந்து சென்ற புகைவண்டி இலங்கையைச் சென்னையோடு இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அத்தொடர்பு நீடித்தது. அவ்வழி சென்று முடிந்த சென்னையின் வடக்கே சோழவரம் என்னும் ஊரில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. இலங்கையிலிருந்தும் வீரர்கள் அங்கே சென்று போட்டியிட்டனர்.

சோழவரத்துக்கு வண்டி வந்தது அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தே. 1955இல் உருவான என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் சென்னையின் திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்தது. 1961இல் மைசூரில் ஜாவா வண்டி உற்பத்தி தொடங்கிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்த அக்காலத்தில் பந்தயப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து பெறுதல் அரிது. எனவே வீதியில் ஓடும் வண்டியையே பிரித்து, அராவி, வார்த்து, பூட்டிப் பந்தய வண்டியாக்கும் கைத்திறன் பட்டறைகளிலே வளர்ந்தது. 1982ஆம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனம் தனக்கெனப் பந்தய அணி ஒன்றை அமைத்தது. மான் தீவில் எழுந்த அதே வினா தமிழ்நாட்டிலும் எழுந்தது: தொழிற்சாலையின் பெரும் பொருளுக்கு எதிரே பட்டறைப் பையன் என் செய்வான்? அவனுக்கும் ஒரு புரவலர் வேண்டுமென்பதே விடையாயிற்று. 1990ஆம் ஆண்டில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த தனித் தடத்துக்கு இடம்பெயர்ந்தபோது, புரவலர் துணை இன்றியமையாததாகவே ஆகிவிட்டிருந்தது.

புரவலர் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் வண்டி, ரயர், எண்ணெய் விற்போரே பொருள் கொடுத்தனர். 1968ஆம் ஆண்டில் லோட்டஸ் கார் அணி ஒரு சிகரெட்டின் நிறத்தையும் பெயரையும் பூசிக்கொண்டு களம் புகுந்தது. பந்தயத்தோடு தொடர்பில்லாத வணிகமும் அதற்குப்பின் பணம் கொட்டலாயிற்று. புகையிலையும் மதுவும் பல்லாண்டுகள் பந்தயங்களின் பெரும் புரவலராக விளங்கின. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்துக்குத் தடையிட்டது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரமும் அனுசரணையும் கூடாதென விலக்கியது. இளைஞரின் வீரத்தைக் காட்டி இளைஞரையே கெடுக்கும் பொருளை விற்பது தகாதென்று சட்டம் கண்டது.

ஆகவே இந்நாட்டு இளைஞன் நாடத்தக்க புரவலர், ஊரறிந்த வணிகரே: உதிரிப்பாகக் கடைக்காரர், ரயர் விற்பவர், அரிசி ஆலை உடையவர், கராஜ் நடத்துபவர். அவர்களிடம் இரந்து நிற்பது வேறு, ஒப்பந்தம் பேசுவது வேறு. செலவு இவ்வளவு, அதில் தன் பங்கு இவ்வளவு, வேண்டுவது இவ்வளவு என்று கணக்கெழுதிக் காட்டுவதும், வண்டியில் எந்த இடத்தில் கடையின் பெயர் பொறிக்கப்படும் என்று சொல்வதும், பந்தயம் முடிந்தபின் தோற்றாலும் நேரில் சென்று செலவைக் கூறுவதும் ஒப்பந்தம் பேசுபவனின் இலக்கணம். பணமாகவே பெற வேண்டுமென்பதும் இல்லை. ஒரு சோடி ரயரும் ஒரு நாள் கடைசல் வேலையும் பலமுறை பணத்தினும் மேலான உதவியாகும். வெற்றியை வாக்களிக்க யாராலும் இயலாது. ஒழுங்கை எவரும் வாக்களிக்கலாம்.

ஒழுங்கு என்பது உயிரோடு தொடர்புடையது. மான் தீவின் மலைச் சாலையில் 1911ஆம் ஆண்டு தொட்டு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீரர் உயிரிழந்திருக்கின்றனர். சாலையை மூடி, வண்டியைச் சோதித்து, வைத்தியரை அருகிருத்தி நடத்தும் பந்தயத்திலேயே இந்நிலையென்றால், மூடாத சாலையில் ஓடுவதை என்னென்பது? மன்னார் நெடுஞ்சாலையின் நேரான நீண்ட வெளி எந்த இளைஞனுக்கும் ஆசையூட்டும். ஆனால் அச்சாலையிலேயே பள்ளிப் பிள்ளைகளும் நெல்லேற்றிய வண்டிகளும் செல்கின்றன. அங்கே ஓடுபவனுக்கு வெற்றியில்லை. அவனுக்குப் பொருள் கொடுப்பவருக்குப் புகழுமில்லை.

தன் வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் தானே அறிந்தவனாய், பெற்ற உதவியை மறைக்காதவனாய், விதி வகுத்த களத்தில் மட்டுமே வேகம் காட்டுபவனாய் இருப்பவன், எவர் பணத்தில் ஓடினாலும் விருப்பப் பந்தயக்காரனே. 1923இல் மான் தீவினர் சட்டத்தால் வரையறுக்க முயன்று இயலாமற் போனதை, அத்தகைய இளைஞன் தன் நடத்தையினால் வரையறுத்துக் காட்டிவிடுகின்றான். அவன் பத்தாவதாக வந்து சேர்ந்தாலும், அவன் வண்டியில் தம் கடைப் பெயரைக் கண்ட வணிகர் நாணவேண்டியதில்லை.