கிறிஸ்துமஸ் கோலம்

போன டிசம்பரில் மேடவாக்கத்தில் இருக்கும் என் தம்பி ஃபோன் செய்தான். "அண்ணே, இந்த வருஷத்துலேருந்து நாங்க கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்ல. டிசம்பர் 25 ரோமாபுரிக்காரன் சூரிய சாமிக்கு வச்ச நாளாம். மரம், நட்சத்திரம், அண்ணி போடுற கோலம் எதுவுமே பைபிள்ல இல்ல" என்றான். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் நான் வீடு கட்டியதிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

அவன் கோலத்தைச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. என் மனைவி 24-ஆம் தேதி இரவு ஆராதனைக்குக் கிளம்புமுன் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, நடுவில் ஒரு நட்சத்திரக் கோலம் போடுவாள். அவளுடைய அம்மாவும் போட்டவர்தான். கிறிஸ்துமஸ் வருவதே மார்கழியில். தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருக்க, நம் வாசல் மட்டும் வெறுமையாக இருப்பதா என்பாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. தம்பி சொன்னது சரிதானா என்று தேடிப் படித்தேன்.

பாதி சரி. இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. ரோமாபுரியில் டிசம்பர் 17-ல் தொடங்கும் சாட்டர்னாலியா பண்டிகையில் மெழுகுவர்த்தியும் மண்பொம்மையும் பரிசாகக் கொடுப்பார்கள். எஜமானர்கள் அடிமைகளுக்கு விருந்து வைப்பார்கள். கி.பி. 274-ல் ஔரேலியன் என்ற பேரரசர் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டினார். அவர்கள் கணக்கில் டிசம்பர் 25 தான் பகல் நீளத் தொடங்கும் நாள். நாம் உத்தராயணம் என்கிறோமே, அதே விஷயம்.

மீதிப் பாதிதான் சிக்கல். சூரியன் பிறந்தநாள், இயேசு பிறந்தநாள் இரண்டையும் டிசம்பர் 25 என்று குறிக்கும் மிகப் பழைய சான்று, கி.பி. 354-ல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரே ஏடு. யாரைப் பார்த்து யார் வைத்தார்கள் என்பதில் அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. மரியாள் கருவுற்ற நாளை மார்ச் 25 என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டியதில் வந்த தேதி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

மரத்தின் கதை வேறு. அது ஜெர்மானியர்களின் வழக்கம். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் தெரிய வருகிறது. நம் ஊரில் அது சவுக்குக் கிளையாகி, மண் நிரப்பிய டின்னில் நின்று, பனிக்குப் பதில் பஞ்சைச் சுமந்தது. தாம்பரத்தில் பனி பெய்ததை யார் பார்த்தது?

தம்பியின் கேள்வியும் புதிதல்ல. இங்கிலாந்து பாராளுமன்றம் 1647-ல் கிறிஸ்துமஸையே தடை செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இதற்கு நேர் எதிரான வழியும் முன்பே இருந்தது. 601-ல் போப் முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போன தம் ஆட்களுக்குக் கடிதம் எழுதினார்: அந்த ஜனங்களின் கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளியுங்கள், விருந்தும் அவர்கள் வழக்கப்படியே நடக்கட்டும்.

நம் மண்ணிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி சந்நியாசியாக வாழ்ந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் ரோம் அனுமதித்தது. 1703-ல் பாண்டிச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன், 1704-ல் தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது என்று நீண்ட தடைப் பட்டியல் போட்டார். அதன்படி நடப்போம் என்று பாதிரியார்கள் செய்ய வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-ல்தான் ரத்தானது.

இன்னொன்று நம் தாம்பரத்திலேயே நடந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து இங்கே வந்தது 1937-ல். மறுவருஷம் டிசம்பர் 12 முதல் 29 வரை அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது, ஜப்பான் போரால் இங்கே மாறியது. பல தேசங்களிலிருந்து வந்த நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வருஷ கிறிஸ்துமஸ் தாம்பரத்தில்தான். அங்கே பெரிய விவாதமே, பிற சமயங்களோடு கிறிஸ்தவத்துக்கு என்ன உறவு என்பதுதான். ஹாலந்துக்காரர் கிரேமர், வேதத்தின் வெளிப்பாடு மற்ற எல்லாச் சமயங்களிலிருந்தும் அடியோடு வேறானது என்று எழுதியிருந்தார். நம் பக்கத்து செஞ்சையா, சக்கரை முதலியோர் அதை ஏற்காமல் அதே வருஷம் தனிப் புத்தகமே போட்டார்கள். சக்கரைச் செட்டியார் பிற்பாடு சென்னை மேயரானவர்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால், பெரும்பாலும் அந்நியர் வாசலில்தான் போய் நிற்கும். தம்பி மரத்தையும் கோலத்தையும் சேர்த்தே விட்டான். அதில் நேர்மை இருக்கிறது. மரம் இருக்கட்டும், கோலம் மட்டும் வேண்டாம் என்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. ஜெர்மன்காரன் வழக்கம் ஆகும், என் மாமியார் வழக்கம் ஆகாதா? என் மனைவி அந்தக் கோலத்தைப் போட்டது எந்தச் சூரியனுக்கும் அல்ல. அன்று பிறந்த பிள்ளைக்காகப் போட்டாள்.

அவளுடைய கோல நோட்டுப் புத்தகம் பீரோவில் இருந்தது. இந்த வருஷம் பேத்தி அதைப் பார்த்துப் போடப் போகிறாள். புள்ளிக் கணக்கு இன்னும் சரியாக வரவில்லை.

போன வாரம் தம்பியைக் கூப்பிட்டேன். "பண்டிகைக்கு வரவேணாம்டா. அன்னிக்கு எனக்கு லீவு, உனக்கும் லீவு. சாப்பிட மட்டும் வா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பார்க்கலாம்ண்ணே" என்றான்.

உங்கள் வீட்டு வாசலில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்குக் கோலம் உண்டா? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.