குழலுக்குள் ஒரு திருகு

1767 செப்டம்பரில் திருவண்ணாமலையருகே ஹைதர் அலீயும் நிஜாமும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையிடம் தோற்றதற்கு, வெள்ளையரின் துப்பாக்கி மேன்மையே காரணம் என்பாருண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. இரு தரப்பினர் கையிலும் பெரும்பாலும் வழவழப்பான குழல்களே இருந்தன. நூறு கஜம் தாண்டினால் குண்டின் போக்கு சுட்டவனுக்கே தெரியாது!

இத்தனைக்கும் மாற்றுவழி முன்பே அறியப்பட்டிருந்தது. குழலினுள் திருகுபோல் வரி வெட்டினால் குண்டு சுழன்று நேரே செல்லும் என்று 1747இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவரே கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் கரைக்கு வந்து, 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் மரணமுற்றார். போர் நிகழ்ந்த இடத்திற்கு அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான்.

பின் ஏன் அவ்வறிவு களத்திற்கு வரவில்லை? வரிக்குழலில் குண்டை இறுக்கி அடித்து இறக்க வேண்டும். அதற்குள் மற்றவன் மும்முறை சுட்டுவிடுவான். அணிவகுத்துப் பொருதிய அக்காலத்தில் குறியினும் வேகமே பெரிதாயிற்று.

பிற்காலத்தார், தொடக்கத்தில் தளர்ந்து வாயருகே நெருங்கும் திருகையும் வெட்டினர். 1891ஆம் ஆண்டின் இத்தாலியக் கார்கானோ அத்தகையது. குண்டு திடீரென முறுக்கப்படாமல் படிப்படியாகச் சுழலும் என்பது கருத்து. ஆயினும் மாறும் திருகு, குண்டின்மேற் பதிந்த வரியை வழிநெடுகச் சிதைக்கும், செய்வதும் கடினம். 1938இல் இத்தாலியரே சீரான திருகுக்கு மாறினர்.