வன்னி: ஒரு பெயரும் அதன் வேர்களும்

ஒரு நிலத்தின் பெயர் அங்கு வாழ்ந்தோர் விட்டுச்சென்ற வரலாற்றுச் சான்றாகும். எமது பெருநிலப்பரப்புக்கு வழங்கும் ‘வன்னி’ என்ற பெயரும் அத்தகையதே.

இப்பெயரின் தோற்றம் குறித்து மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. சிவாலயங்களில் தலமரமாகப் போற்றப்படும் வன்னி மரத்தின் பெயரே நிலத்துக்கும் ஆகிவந்தது என்பது ஒன்று. வடமொழியில் நெருப்பைக் குறிக்கும் ‘வஹ்நி’ என்ற சொல்லின் தமிழ் வடிவம் என்பது மற்றொன்று. அக்கினி குலத்தவர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட வன்னியருடன் இது தொடர்புபடுத்தப்படுகின்றது. ‘வனம்’ என்பதிலிருந்து பிறந்து காடடர்ந்த நிலத்தைச் சுட்டியது என்பது மூன்றாவது. இவற்றுள் எதுவும் முடிந்த முடிபன்று.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. ‘வையாபாடல்’ வன்னியர் வரலாற்றைத் தமிழிற் கூறுகின்றது. பாளி மொழியிலமைந்த ‘சூளவம்சம்’ வன்னி மன்னர்களைக் குறிப்பிடுகின்றது. சிங்களவர் வாழும் குருநாகல் மாவட்டத்திலும் ‘வன்னி ஹத்பத்துவ’ உண்டு. மொழிகள் பலவற்றிலும் வழங்கிய இப்பெயரை எவரும் மொழிபெயர்க்க முற்படவில்லை. கிளியும் நொச்சியும் சேர்ந்தமைந்த கிளிநொச்சி, சிங்களத்திலும் கிளிநொச்சியே. முல்லைத்தீவு ‘முலதிவ்’ என ஒலி திரிந்ததேயன்றி வேறு பெயர் பெறவில்லை.

மணலாற்றுக்கு நேர்ந்ததோ வேறு. சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல். ‘ஓயா’ என்றால் ஆறு. 1984 இல் அப்பகுதியையும் அதனை அண்டிய கரையோரத்தையும் சேர்ந்த தமிழ்க் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1988 இல் மணலாறு ‘வெலிஓயா’ ஆனது. பொருள் சிறிதும் மாறவில்லை. ஆயினும் அப்பெயரை இட்டு வழங்கிய மக்களின் சுவடு மறைக்கப்பட்டது. இன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலர் பிரிவுக்கு வெலிஓயா என்பதே பெயர். போர் முடிந்தபின் கரையோரக் கிராமங்களுக்குத் திரும்பியோரின் காணிப் பிணக்குகளும் தொடர்கின்றன.

ஒரு பெயரைப் பிறமொழியினர் தம் நாவுக்கேற்ப ஒலிப்பது உறவு. அதனை மொழிபெயர்த்து மூலத்தை நீக்குவது உரிமைப் பறிப்பு. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாறாயின் பெயர்ப்பலகைகளிலும் வரைபடங்களிலும் மணலாறு என்ற பெயர் மீள இடம்பெறுவதே முறை. எமது குளங்கள், வயல்வெளிகள், குறிச்சிகள் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பது எமது கடமை. எழுதப்படாத பெயர் எளிதில் அழிந்துபோகும்.